காலிக் கட்டத்துக்கு என்ன நிறம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது.

என் அக்கா நாற்பது வரிக்குள் ஒன்று எழுதியிருக்கிறாள். கதை இல்லை, கவிதை இல்லை; விக்கிப்பீடியா போல யாரும் திருத்தக்கூடிய ஒரு விக்கித் தளத்துக்குள் ஓடும் கணினி நிரல். யாராவது ஒரு கட்டத்தில் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ தட்டினால், அதைக் கணினிக்குப் புரிகிற மெய்யாகவோ பொய்யாகவோ மாற்றிக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் என் மூன்று நாவல்களையும் இதுவரை படித்தவர்களைக் கூட்டினாலும், அக்காவின் நிரலை ஒரே நாளில் ஓடவிடுகிறவர்கள் அதைவிட அதிகம். (என் பதிப்பாளர் இந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னார். வியாபாரத்துக்கு நல்லதல்லவாம். இருக்கட்டும்.)

அந்தப் பொறாமை எப்போதோ பெருமையாக மாறிவிட்டது. இப்போது யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அக்காவின் நிரலைப் பற்றித்தான் பேசுகிறேன். எந்த இடத்தில் அப்படி மாறியது என்று கண்டுபிடிக்க எழுத உட்கார்ந்தேன். அக்கா சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு: கதையை அவளுடைய விக்கியின் மணல்தொட்டியிலேயே எழுத வேண்டும். மணல்தொட்டி என்பது எழுதிப் பழகுவதற்கென்று விட்டிருக்கும் பக்கம். அங்கே யாரும் எழுதலாம், யாரும் அழிக்கலாம். "யாரும்" என்றால் இங்கே அக்கா. ஆகவே நடுநடுவே சதுர அடைப்புக்குறிக்குள் அவள் குரல் கேட்கும். நான் நீக்கிப் பார்த்தேன். ஒரு வாய் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது.

[அக்கா: பொறாமைன்னு ஒத்துக்கிட்டதுக்கு நன்றி. ஊரெல்லாம் நாலு நாவல்னு சொல்லிட்டிருந்தியே?]

நாலாவது அச்சில் இருக்கிறது.

2

தொடக்கம் ஒன்று: "அந்தக் கட்டிடத்தின் வாசலில் படிகள் இருந்தன. இளவெயில் அவற்றின் மேல்..."

விட்டுவிட்டேன். படிக்கு இளவெயில் எதற்கு?

தொடக்கம் இரண்டு: "ஆதியில் இரண்டே சொற்கள் இருந்தன, ஆம் என்றும் இல்லை என்றும். பிறகு மனிதன்..."

[அக்கா: பிறகு மனிதன் தூங்கிட்டான். மேல போ.]

சரி, நேராகவே சொல்கிறேன். அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கணக்கு வாத்தியார். சக்கர நாற்காலியில் இருக்கிறவர். பல வருஷமாக வீட்டிலிருந்தபடியே கணினித் திரை வழியாகப் பாடம் எடுக்கிறார். திரையில் மாணவர்கள் தபால்தலை அளவுக்குத் தெரிவார்கள். பாதிப் பேர் அந்த முகத்தையும் காட்ட மாட்டார்கள். ஒருநாளாவது நிஜமான வகுப்பறையில் பாடம் எடுக்க வேண்டும், தப்பான விடையைச் சொல்லிவிட்டுப் பையன்கள் அசடு வழிவதை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு கல்லூரியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

எங்கள் ஊருக்கு ஒரு விக்கி வரைபடம் உண்டு. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கியது. ஒவ்வொரு கட்டிடத்துக்கும் ஒரு பக்கம், பக்கத்தில் சில கட்டங்கள். சாய்தளம் இருக்கிறதா? லிஃப்ட் இருக்கிறதா? கட்டத்தில் எழுதுவதைப் பொறுத்து வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். சக்கர நாற்காலி உள்ளே போகும் என்றால் பச்சை, போகாது என்றால் சிவப்பு. மாமா அதைப் பார்க்காமல் முடி வெட்டிக்கொள்ளக்கூடப் போக மாட்டார். கல்லூரிக்குப் பச்சைப் புள்ளி இருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, மடியில் சான்றிதழ்ப் பை, அக்கா ஓட்டிய கார். போய் இறங்கினால் வாசல் அகலத்துக்கும் படிகள். சாய்தளம் என்று சொல்ல ஒரு பலகைத் துண்டுகூட இல்லை.

காவலாளி நல்ல மனிதர். உள்ளே ஓடிப்போய் இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"நாலு பேரு புடிச்சா ஒரு நிமிஷ வேலை சார். அலுங்காம கொண்டு போயிடுவோம்."

"தூக்கிட்டுப் போய் வைக்க நான் என்ன பீரோவா?" என்றார் மாமா.

"ஐயோ, அப்படி இல்ல சார். மேல உங்களுக்காகக் காத்திட்டிருக்காங்க."

"அவங்களுக்குப் படி இறங்க வருமில்ல? அவங்களை வரச் சொல்லுங்க."

மேலேயிருந்து யாரும் இறங்கி வரவில்லை. வேறொரு தேதி சொல்கிறோம் என்று செய்திதான் வந்தது. வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே மாமா சொன்னார்: "இனிமே அந்த மேப்ப நம்பி நான் எங்கயும் வரல. எனக்குத் திரையே போதும்."

கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தோம். ஆனால் அடுத்த முறை முடி வெட்டிக்கொள்ள அவர் போகவில்லை; முடிதிருத்துகிறவரை வீட்டுக்கு வரவழைத்தார். பிறகு பல் வலி வந்தது. பல் டாக்டரை வீட்டுக்கு வரவழைக்க முடியாது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்கும் அக்காவுக்கும் பயம் வந்தது. ஊரெல்லாம் சுற்றிய மனிதர் எங்கள் கண்ணெதிரே இரண்டு அறைக்குள் சுருங்கிக்கொண்டிருந்தார். அவர் மறுபடி வெளியே கிளம்புவாரா, மாட்டாரா என்பதுதான் இந்தக் கதையின் கேள்வி. மற்றதெல்லாம் அதற்கு வழி.

[மாமா: பல் வலியை எழுதினது சரி. ஆனா என்னை வெச்சு யாரையாவது அழ வெச்சேன்னா, மாப்ள, உன் நாவல்களைப் பத்தி நானும் இங்க ரெண்டு வரி எழுதுவேன்.]

3

எந்தப் புண்ணியவான் பச்சை போட்டான் என்று அக்கா தேடினாள். விக்கியில் இது சுலபம். யார் எதை எப்போது மாற்றினாலும் பக்கத்தின் வரலாற்றில் தங்கிவிடும். அந்தப் பக்கத்தை எழுதியவர் "மழைக்குருவி". விக்கியில் எல்லாரும் புனைபெயரில்தான் இருக்கிறார்கள். மழைக்குருவி ஒரு தபால்காரர். ஊரில் ஒரு வாசல் விடாமல் பார்த்தவர்.

இந்த இடத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கதைக்கு ஒரு அயோக்கியன் கிடைத்துவிட்டான். வீட்டில் உட்கார்ந்தபடி, பார்க்காத வாசலுக்குப் பச்சை போட்ட தபால்காரன். அவனுக்கு ஒரு மீசைகூட யோசித்து வைத்திருந்தேன். ஆனால் அவர் எழுதியிருந்தது இது:

சாய்தளம் = இல்லை

ஒரே சொல். தெளிவான, நேர்மையான சொல். புள்ளி மட்டும் பச்சை.

அக்கா அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு புள்ளிக்கு நிறம் கொடுக்கும் வார்ப்புருவைத் திறந்தாள். வார்ப்புரு என்பது எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான அச்சு. கட்டங்களில் இருப்பதைப் படித்து என்ன காட்டுவது என்று முடிவு செய்யும். அது கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இந்தக் கட்டத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா?" எழுதியிருந்தால் பச்சை. காலியாக இருந்தால் சிவப்பு. என்ன எழுதியிருக்கிறது என்று அது படிக்கவே இல்லை.

விக்கிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. "இல்லை" என்று எழுதிக் கொடுத்தால், "ஏதோ எழுதியிருக்கிறாரே, அப்படியானால் ஆமாம்" என்று வேறு எந்தத் தொழிலிலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். (கல்யாணப் பேச்சில் சில வீடுகளில் எடுத்துக்கொள்வார்கள். அது வேறு கதை.)

வார்ப்புருவைச் செய்தவர் முட்டாளும் இல்லை. "பூட்டு" என்று பெயர். தளத்தின் நிர்வாகி அவர்தான். முக்கியமான பக்கங்களை யாரும் கெடுக்காமல் பூட்டி வைப்பதால் வந்த பெயர். ஓய்வு பெற்ற நில அளவையாளர். ஆரம்பத்தில் அவர் ஒருவர்தான் ஊர் முழுக்க நடந்து எழுதினார். சாய்தளம் இருந்தால் "ஆம்" என்று எழுதுவார். இல்லாவிட்டால் கட்டத்தைத் தொடமாட்டார். அவர் ஒருவரே எழுதியவரை வார்ப்புரு சத்தியத்தைத்தான் பேசியது. மாமா வழக்கமாகப் போன இடங்களெல்லாம் அந்தக் காலத்தில் எழுதியவை.

பிறகு ஆட்கள் சேர்ந்தார்கள். பொறுப்பானவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினார்கள்: "இல்லை." புள்ளி பச்சையானது. இன்னும் யாரும் போய்ப் பார்க்காத கட்டிடங்களுக்குக் கட்டம் காலியாக இருந்தது, அவை சிவப்பாயின. எவ்வளவு நேர்மையாக எழுதினார்களோ அவ்வளவு பொய் வரைபடத்தில் சேர்ந்தது. யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஒருவர் கவனித்திருக்கிறார். "இல்லை" என்று இருந்ததை "இல்லவே இல்லை" என்று மாற்றியிருக்கிறார். பச்சை அசரவில்லை. அந்த வார்ப்புரு ஒரு ஆமாம்சாமி. எதைச் சொன்னாலும் தலையாட்டும்.

4

இனி அக்காவைப் பாத்திரமாக அறிமுகப்படுத்த வேண்டும். சொந்த அக்காவை எழுதுவது கஷ்டம். "அவள் கண்களில் ஒரு தீர்க்கமான..."

[அக்கா: அது கண்ணாடி. பவர் ஏறியிருக்கு.]

அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போய்விடலாம். டாக்ஸி நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறை. ஜன்னல் இல்லை. மேசைக்கு ஒரு திரை, தலைக்கு ஒரு ஹெட்போன், குளிரூட்டியின் நேர் கீழே அக்காவின் நாற்காலி. அதனால் வருஷம் முழுக்கத் தோளில் ஒரு சால்வை. பகல் முழுக்க அவள் கேட்பது ஒரே கேள்விதான்.

"அண்ணே, ஆளு ஏறியாச்சா?"

"வந்துட்டே இருக்காங்க மேடம்."

"ஏறியாச்சா?"

"பைய உள்ள வெச்சிட்டாங்க மேடம்."

"பை எங்க போகுதுன்னு கேக்கல அண்ணே. ஆளு ஏறியாச்சா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"...இன்னும் இல்ல மேடம்."

"அவ்வளவுதான். இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?"

வெட்டு ஒன்று துண்டு இரண்டு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வழவழா கொழகொழா என்று பேசினால் அவளுக்கு ஆகாது. நான் எழுத்தாளன் ஆனது அவளுக்குப் பயந்துதான் என்று மாமா சொல்வார். கதையில் மட்டும்தான் என்னால் ஒரு பதிலை நிதானமாகச் சொல்ல முடிந்ததாம்.

அந்த வார்ப்புருவைத் திருத்துவதற்காக விக்கி நிரல் எழுதுவதை அவள் சாப்பாட்டு இடைவேளைகளில் கற்றுக்கொண்டாள். உதவிப் பக்கங்களைப் படித்தாள். மற்றவர்கள் எழுதியதைப் பிரித்துப் போட்டாள். கேள்வி கேட்டுக் கேட்டு விக்கி முழுக்க எல்லாருடைய உயிரையும் வாங்கினாள். முதன்முதலில் மணல்தொட்டியில் "இல்லை" என்று தட்டி, புள்ளி சிவப்பானதைப் பார்த்ததும் கட்டுப்பாட்டு அறையிலேயே எழுந்து நின்று கத்தியிருக்கிறாள். ஹெட்போன் தலையில் இருந்தது. ஊரிலிருந்த டாக்ஸிகள் எல்லாம் ஒரு கணம் பிரேக் போட்டிருக்கும்.

[அக்கா: மிகைப்படுத்தல். மூணு டிரைவர்தான் கூப்பிட்டு என்னாச்சுன்னு கேட்டாங்க.]

5

நிரலை அப்படியே இங்கே போட ஆசைப்பட்டேன். படிக்கிறவர்கள் தெறித்து ஓடுவார்கள் என்று அக்காவே தடுத்துவிட்டாள். ஆகவே பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் சொல்கிறேன்.

வந்த சொல்லின் இருபுறமும் ஒட்டியிருக்கிற வெற்றிடத்தைத் துடை.
அது ஆம், ஆமாம், உண்டு, இருக்கு, 1 என்பவற்றில் ஒன்றா? மெய் என்று சொல்.
அது இல்லை, இல்ல, கிடையாது, 0 என்பவற்றில் ஒன்றா? பொய் என்று சொல்.
இரண்டிலும் சேரவில்லையா? கட்டமே காலியா? மெய் என்றும் சொல்லாதே, பொய் என்றும் சொல்லாதே. வெறுமையைத் திருப்பிக் கொடு.

கடைசி வரியைப் பாருங்கள். நான் அதைப் பலமுறை படித்துவிட்டேன். ரெண்டுல ஒண்ணு சொல்லு என்று ஊரையே மிரட்டுகிற என் அக்கா, மூன்றாவதாக ஒன்றை எழுதி வைத்திருக்கிறாள். வெறுமை வந்தால் புள்ளி சாம்பல் நிறமாகும். தெரியாது என்று அர்த்தம்.

"நீயா இதை எழுதின? மதில்மேல் பூனைக்கு ஒரு நிறமா?" என்று கேட்டேன்.

"டிரைவருங்க எப்போ பொய் சொல்வாங்க தெரியுமா?" என்றாள். "'தெரியல'ன்னு சொல்றதுக்கு நம்ம இடம் விடாதப்போ. அதை நான் ரொம்ப லேட்டாதான் கத்துக்கிட்டேன்."

நிரலைச் சோதிக்க அவள் ஏற்கெனவே இருந்த பக்கங்களை எல்லாம் அதற்குள் கொட்டினாள். மனிதர்கள் ஒரு சின்னக் கட்டத்துக்குள் என்னென்ன எழுதியிருந்தார்கள்! "கட்டிக்கொண்டிருக்கிறார்கள்." "போன வருஷம் இருந்தது." "காவலாளியின் மனநிலையைப் பொறுத்தது." "ஆம், ஆனால் அதன் மேல் பூத்தொட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள், தொட்டியை நகர்த்தச் சொன்னால் முறைக்கிறார்கள்." "?" நாவலாசிரியனாக எனக்கு அந்தப் பூத்தொட்டி வரி மிகவும் பிடித்தது. அக்காவின் நிரல் அதை ஒரு முறை பார்த்துவிட்டுச் சாம்பலாக்கியது. வளவளவென்று எழுத விரும்புகிறவர்களுக்காகக் கீழே "குறிப்பு" என்று தனியாக ஒரு பெரிய கட்டம் வைத்துக் கொடுத்தாள். எனக்கு அப்படி ஒரு கட்டம் யாராவது கொடுத்திருந்தால் நாவல்கள் இன்னும் மெலிந்திருக்கும்.

6

ஆனால் வார்ப்புரு பூட்டிய பக்கம். நிர்வாகி திறந்தால்தான் புது நிரல் உள்ளே போகும். பூட்டு ஃபோன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"பூட்டு ஒரு கோணல் சிரிப்போடு..." என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். ஃபோனில் எனக்குச் சிரிப்பு எப்படித் தெரியும்? அவர் சிரிக்கவும் இல்லை. நொந்துபோன குரலில்தான் பேசினார்.

"ஓட்டிப் பாத்தேம்மா. பாதி ஊரு சாம்பலாயிடுது."

"இப்பவும் சாம்பல்தான் சார். மேல பச்சையும் சிவப்பும் அடிச்சு வெச்சிருக்கோம்."

"அடுத்த மாசம் நகரசபையில இதைக் காட்டணும். அவங்க ஏத்துக்கிட்டா ஊர்ல எல்லா பஸ் ஸ்டாப்லயும் இந்த மேப் வரும். இத்தனை வருஷம் காலு தேய நடந்திருக்கேன். அன்னைக்குப் பாத்து, பாதி எங்களுக்கே தெரியாதுன்னு போய் நிக்கச் சொல்றியா?"

"ஆமா சார்."

"தெரியாதுன்னு சொல்ற மேப்ப எவன்மா வாங்குவான்?"

"ஓட்டுக்கு விடலாம் சார்," என்று மட்டும் சொன்னாள் அக்கா.

விக்கியில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு பேர் முட்டிக்கொண்டால் பேச்சுப் பக்கத்தில் விஷயத்தை வைப்பார்கள். எல்லாரும் வந்து ஆதரவு, எதிர்ப்பு என்று காரணத்தோடு எழுதுவார்கள். நான் அக்காவுக்கு ஒரு யோசனை சொன்னேன். "மாமாவுக்கு நடந்ததை எழுதுக்கா. வாசல்ல நின்னது, சட்டையைக் கழட்டினது, பல் வலி. நானே எழுதித் தரேன். ஒருத்தர் விடாம ஆதரவு போடுவாங்க."

"வேண்டாம்டா."

"ஏன்?"

"என் நிரல் சரியா தப்பாங்கிறதுதான் கேள்வி. என் புருஷன் மேல எத்தனை பேருக்கு இரக்கம் வருதுங்கிறது இல்ல. நாளைக்கு இரக்கம் தீந்துபோச்சுன்னா நிரலையும் தூக்கிடுவாங்களா?"

அவள் வைத்தது சில பக்கங்களை மட்டும்தான். ஒரு பக்கம் ஆட்கள் எழுதிய "இல்லை", எதிரே அதற்கு விழுந்த பச்சைப் புள்ளி. மழைக்குருவி முதலில் எதிர்ப்புப் போட்டிருந்தார். அந்தப் பூத்தொட்டிக் காவியம் அவருடையது, அதைச் சாம்பலாக்கியதில் கோபம். அக்கா வைத்ததைப் பார்த்த பிறகு தன் வாக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: "வெயிலில் போய் நின்று பார்த்து இல்லை என்று எழுதினேன். அதை ஆம் என்று மாற்றிச் சொன்ன வார்ப்புருவோடு எனக்கு இனிப் பேச்சு இல்லை. ஆதரவு."

கொஞ்ச வித்தியாசத்தில்தான் ஜெயித்தாள். பூட்டு எதிர்த்துத்தான் வாக்களித்திருந்தார். ஆனால் பக்கத்தைத் திறந்து அவள் நிரலை உள்ளே வைக்க வேண்டியவரும் அவரே. இழுத்தடித்திருக்கலாம். உடல்நிலை என்று சொல்லியிருக்கலாம். வாக்கெடுப்பு முடிந்த அன்று காலையிலேயே சேர்த்துவிட்டார். என்ன செய்தோம் என்று சுருக்கமாக எழுதும் இடத்தில் அவர் எழுதியது: "எதிர்த்தேன். தோற்றேன். சேர்க்கிறேன்."

இந்த மனிதரை அயோக்கியனாக்க நான் இரண்டு வரைவு எழுதியிருந்தேன். இரண்டையும் கிழித்தேன். தோற்ற பிறகு தன் கையாலேயே ஜெயித்தவளின் வேலையை மாட்டி வைக்கிற மனிதர்கள் இருக்கிற இடத்தில் என் அக்கா இருக்கிறாள் என்பதில் எனக்குத் தலைக்கனம்தான். இதை மறைக்கப் போவதில்லை.

வரைபடம் மாறியது. பச்சையாக இருந்த பல கட்டிடங்கள் சிவப்பாயின. மீதியில் பெரும்பகுதி சாம்பல். பார்க்க அழகாகவே இல்லை.

7

மாமா அந்தப் புது வரைபடத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தன் பாடத்துக்கே திரும்பினார். அவருடைய பல் வலி தானாகக் குறைந்திருந்தது. வீட்டை விட்டு வெளியே வருவது மட்டும் நடக்கவில்லை. அப்போது கல்லூரியிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை வேறு இடம், புதுக் கட்டிடம்.

"வரலன்னு சொல்லிடு," என்றார் மாமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கா சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து அந்தக் கட்டிடத்தின் பக்கத்தைப் பார்த்தாள். சாய்தளம் என்ற கட்டம் காலி. புள்ளி சாம்பல். கல்லூரி அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள்.

"புதுக் கட்டிடத்துல ராம்ப் இருக்கா?"

"அதெல்லாம் இருக்கும் மேடம்," என்றது ஒரு ஆண் குரல்.

"இருக்கும்னா?"

"புதுக் கட்டிடம்ல மேடம், கண்டிப்பா இருக்கணும்."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் பின்பக்கமா வந்து போறவன் மேடம்."

"சார், ஆமா, இல்ல, தெரியல. மூணுல ஒண்ணு சொல்லுங்க."

"தெரியல மேடம்."

"ரொம்ப நன்றி சார்," என்று மனசாரச் சொல்லிவிட்டு வைத்தாள்.

நான் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினேன். "அக்கா, ஆம்னு போட்டுடு. பச்சையைப் பாத்தா ஒருவேளை கிளம்புவாரு. அங்க போனப்புறம் மத்ததைப் பாத்துக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. திட்டவில்லை. கட்டத்துக்குள் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் விரல்கள் விசைப்பலகையின் மேலேயே இருந்தன. அவருக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று இந்த உலகத்தில் அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் யாரும் இல்லை. ஒரு சொல் போதும். அவளே எழுதிய நிரல், அவள் சொல்லை மறுபேச்சு இல்லாமல் நம்பிப் பச்சை போடும்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மாமா எப்போது வந்து பின்னால் நின்றார் என்று எங்களுக்குத் தெரியாது.

[மாமா: நின்னேனா?]

எப்போது வந்து பின்னால் சேர்ந்தார் என்று தெரியாது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"என்ன போட்டிருக்க?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஒண்ணும் போடல."

"நான் போகணும்னு உனக்கு ஆசை இருக்குல்ல?"

"இருக்கு. ரொம்ப இருக்கு."

"அப்புறம் ஏன் ஆம்னு போடல?"

"நான் பாக்கலங்க," என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

மாமா அந்தச் சாம்பல் புள்ளியைக் கிட்டே வந்து பார்த்தார். "இவ்வளவு நாள் இந்த மேப் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு இருந்துச்சு. இப்பதான் ஒரு உருப்படியான வார்த்தை பேசுது," என்றார். "சரி, வண்டிய எடு. நேர்காணல் நாளைக்குத்தானே? இன்னைக்கே போய்ப் பாத்துட்டு வரலாம்."

"நான் போய்ப் பாத்துட்டு வரேன் மாமா," என்றேன்.

"நீ கதைக்காரன் மாப்ள. உன்னை அனுப்பினா வாசலுக்கு இளவெயில் அடிச்சுதுன்னு வந்து சொல்லுவ. நானே பாத்துக்கறேன்."

பொறாமை பெருமையாக மாறிய இடம் எது என்று தேடினேன் அல்லவா? இதுதான். வாக்கெடுப்பில் ஜெயித்தபோது இல்லை. புருஷனுக்காகக்கூடப் பார்க்காததைப் பார்த்ததாக எழுத மாட்டேன் என்று என் அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாளே, அப்போது. இப்படி ஒருத்தியோடு ஒரே வீட்டில் வளர்ந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

[அக்கா: இதை மட்டும் விட்டு வைக்கிறேன்.]

8

போனோம். கட்டிடத்துக்கு எதிர்ப்பக்கம் அக்கா காரை நிறுத்தினாள். நாற்காலியை இறக்கிக் கொடுத்ததும் எங்கள் இருவரையும் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டு மாமா தனியாகச் சாலையைக் கடந்தார். அவருக்காக ஒரு பஸ் நின்றது. முன்வாசலுக்குப் போனார். பிறகு பக்கவாட்டில் திரும்பி மறைந்தார். அக்கா ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கையை எடுக்கவே இல்லை, வண்டி ஓடாவிட்டாலும். கடைசியில் மாமா மறுபக்கத்திலிருந்து வெளியே வந்து, நடைபாதை ஓரத்தில் நிறுத்தி, ஃபோனை எடுத்துத் தட்டினார். இத்தனை வருஷம் அந்த வரைபடத்தைப் பார்த்து மட்டும் வந்தவர், முதல் முறையாக அதில் எழுதினார்.

பக்கம் மாறிவிட்டது என்ற அறிவிப்போடு அக்காவின் ஃபோன் அவள் மடியில் அதிர்ந்தது. புள்ளி இப்போது சாம்பலாக இல்லை.

முடிவு (அ): புள்ளி பச்சை. மறுநாள் மாமா அந்தச் சாய்தளத்தில் ஏறி...

[அக்கா: மீளமைக்கப்பட்டது.]

முடிவு (ஆ): புள்ளி சிவப்பு. ஆனால் மாமா சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, மறுநாள் அவர்களைக் கீழே இறங்கி வரச் சொல்லி...

[அக்கா: மீளமைக்கப்பட்டது.]

"ரெண்டையும் ஏன்க்கா அழிச்ச?" என்று ஃபோன் செய்து கேட்டேன். "நடந்ததைத்தான் எழுதறேன். ரெண்டுல ஒண்ணு நிஜம்."

"பச்சைன்னு எழுதினா கைதட்டிட்டு எழுந்து போயிடுவாங்க. சிவப்புன்னு எழுதினா உச்சுக் கொட்டிட்டு எழுந்து போயிடுவாங்க. ரெண்டுலயும் யாரும் ஒரு வாசலைப் போய்ப் பாக்கப் போறதில்லடா."

அவளோடு வாதாடி நான் ஜெயித்ததே இல்லை. கதையின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்: மாமா கிளம்பினார். இப்போதும் தினமும் எங்கேயாவது கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறார். கிடைத்த வாசலை எல்லாம் பார்த்து எழுதுகிறார். பூட்டுக்கு அவர்தான் இப்போது வலது கை. ஊரின் சாம்பல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வருகிறது. நகரசபையிலிருந்துதான் இன்னும் பதில் வரவில்லை.

அந்தப் புதுக் கட்டிடம் எது என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. நீங்கள் தினமும் கடந்து போகிற கட்டிடமாகவும் இருக்கலாம். பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள், ஆனால் அதன் வாசலில் படி இருக்கிறதா, சாய்தளம் இருக்கிறதா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்கும் அப்படித்தான், என் வீட்டுக்கு எதிரே இருக்கிற கட்டிடத்துக்கே பதில் தெரியவில்லை. இதை முடித்துவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும்.

கதையின் முடிவுக்கு அக்கா ஒரு கட்டம் போட்டு, பக்கத்தைப் பூட்டாமல் உங்களுக்காகத் திறந்து வைத்திருக்கிறாள். ஏதாவது ஒரு வாசலைப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்க்காமல் எழுதினால் அழித்துவிடுவாள், அவளை எனக்குத் தெரியும்.

முடிவு =